விரலில் கட்டிய நூல்

ஒரு நடிகரின் பெயரை அறியாமலேயே அவரைப் பல்லாண்டுகள் நேசிக்க முடியும். தாமஸ் மிட்செல் எனக்கு அப்படித்தான் அறிமுகமானார்.

1892இல் நியூ ஜெர்சியில், அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் பத்திரிகை நிருபர். பின்னர் மேடை நடிகர், நாடகாசிரியர், இயக்குநர். ஹாலிவுட்டில் அவர் நிலைபெற்றபோது நாற்பதைக் கடந்திருந்தார். 1939ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து முக்கியமான படங்களில் அவர் இருக்கிறார். 'ஸ்டேஜ்கோச்'சில் குடிகார மருத்துவர். 'கான் வித் த விண்ட்' படத்தில் மனைவியை இழந்து சித்தம் கலங்கிய தந்தை. 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்' படத்தில் பார்வை மங்கிவரும் விமானி. மற்ற இரண்டில் பத்திரிகையாளர், பிச்சைக்காரர்களின் தலைவன். ஒன்றில்கூட அவர் கதாநாயகன் அல்லர். மருத்துவர் வேடத்திற்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. 1953இல் எம்மியும் டோனியும் பெற்று, மூன்று விருதுகளையும் வென்ற முதல் ஆண் நடிகரானார். 1962இல் மறைந்தார்.

இத்தகவல்களெல்லாம் பின்னால் தேடி அறிந்தவை. நான் முதலில் கண்டது 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) படத்தின் பில்லி சித்தப்பாவை. மறந்துவிடக் கூடாதென விரல்களில் நூல் கட்டிக்கொண்டு திரியும் மனிதர். வங்கியில் கட்ட வேண்டிய எட்டாயிரம் டாலரைச் செய்தித்தாளுக்குள் வைத்து, ஊரின் கொடிய பணக்காரனிடமே கொடுத்துவிடுகிறார். கல்லூரி நாட்களில் அந்த நூலைக் கண்டு நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் என் தந்தைக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. சட்டைப்பையில் துண்டுக் காகிதங்கள். எதை எதற்காக எழுதினார் என்பதும் மறந்திருக்கும். ஒருநாள் ஓய்வூதியப் பணத்தை எங்கோ வைத்துவிட்டு நின்றவரிடம் நான் கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு உறக்கமின்றி அப்படத்தை மறுபடியும் பார்த்தேன். நாயகன் சட்டையைப் பிடித்து உலுக்கித் திட்டிவிட்டுப் போகிறான். கிழவர் மேசையில் கவிழ்ந்து அழுகிறார். வளர்ப்பு அணில் ஒன்று அவர் கைமேல் ஏறுகிறது. நாயகனின் துயரத்தைச் சொல்ல அந்தப் படத்திற்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. மிட்செலுக்கு வாய்த்தவை சில நொடிகள்தாம். அதற்குள், தன்மீதே நம்பிக்கையிழந்த ஒரு மனிதனை அவர் முழுமையாகக் காட்டிவிட்டார். நூல் கட்டிய அவ்விரல்களைக் கண்டு என்னால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அப்பா நான்காவது முறையாகத் தேதியைக் கேட்டார். முதல்முறை கேட்டதைப் போலவே சொன்னேன்.