கூரையைக் கீறும்போது எது அறுபடுகிறது?

ஃபோர்ட் கொச்சியின் பழைய வீடுகளில், ஓட்டுச் சரிவைப் பிளந்துகொண்டு நிமிர்ந்து நிற்கும் ஜன்னல்களை நண்பர்கள் படமெடுத்து எனக்கு அனுப்புவதுண்டு. டார்மர் என்பது அவற்றின் பெயர். ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே இருண்டு கிடந்த பரணை (மலையாளத்தில் தட்டின்புறம்) விருந்தினர் அறையாக்கியதன் வெளி அடையாளம் அது. தெருவின் பழந்தோற்றத்துக்கு அது பொருந்துமா என்றே எல்லோரும் கேட்கிறார்கள். கூரைகளை ஆய்வுப் பொருளாகக் கொண்ட எனக்கோ, அந்த ஜன்னலுக்காக உள்ளே எது அறுக்கப்பட்டது என்பதே முதற்கேள்வி.

சென்ற கோடையில் அத்தகைய வேலையொன்றை உடனிருந்து காணும் வாய்ப்புக் கிட்டியது. வீட்டுக்குரியவர் கணவரை இழந்தவர். ஓய்வு பெற்ற ஆசிரியை. ஊரே அவரை டீச்சர் என்றுதான் அழைக்கிறது, நானும் அப்படியே. வீட்டை விற்றுவிடும்படி உறவினர் நெருக்கிக்கொண்டிருந்தனர். பரணில் இரண்டு அறைகள் அமைந்தால் அவற்றின் வாடகை வங்கிக் கடனை அடைக்கும், வீடும் கைவிட்டுப் போகாது என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்குக்குக் குறுக்கே நின்றவை ஆறு தேக்குச் சட்டங்கள்.

எதிரெதிரே சாய்ந்து முகட்டில் கூடும் கழுக்கோல்கள், நம் வழக்கில் கைமரங்கள், ஓட்டின் பாரத்தால் அடியில் விலகிச் சுவர்களை வெளியே தள்ள முயல்கின்றன. பாரம் சிறிதன்று. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஆலை தொடங்கிப் பரப்பிய ஓடு அது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடுகள், ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ அளவு. மழையில் நீரை உறிஞ்சி இன்னும் கனக்கும். அந்த விலகலைப் பூட்டி நிறுத்துவது குறுக்குச் சட்டம். இவ்வீட்டில் அது ஐந்தரை அடி உயரத்தில் ஓடியது; நிமிர்ந்து நடந்தால் நெற்றியில் இடிக்கும். எல்லாவற்றையும் அறுத்துவிட்டால் இரண்டு அறைகள் தாராளமாக அமையும் என்றார் ஒப்பந்தக்காரர்.

ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். அறுபதைக் கடந்தவர். சுவர்த்தலையில் கிடக்கும் உத்தரத்தருகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். உத்தரம் என்னும் சொல் இரு மொழிக்கும் பொது என்பதை அப்போது எண்ணிக்கொண்டேன். சுவர் ஏற்கெனவே ஓர் அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. “டீச்சரே, இந்த மழைக்கு ஒன்றும் ஆகாது. பத்து மழை போகட்டும், சுவர் பதில் சொல்லும்” என்றார்.

அழைத்து வந்த பொறியாளரும் அதையே கணக்காகச் சொன்னார். வீட்டைக் குறுக்கே பிரிக்கும் இரு உட்சுவர்களின்மீது கால் நிறுத்தி, முகட்டுக்கு அடியில் ஒரு விட்டம் கொடுத்தால், கைமரங்கள் அதில் தாங்கிக்கொள்ளும். அந்த இடைவெளியிலுள்ள இரண்டு சட்டங்களை மட்டும் எடுக்கலாம். மச்சுப் பலகைகள் பெட்டியும் பாத்திரமும் சுமக்கப் போட்டவை. குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஆகவே அடியில் புதிய விட்டங்களும் வேண்டும். கையிலிருந்த பணம் ஓர் அறைக்கே போதுமானதாக இருந்தது. டீச்சர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஓர் அறை போதும் என்றார்.

ஜன்னல் கொல்லைப்புறச் சரிவில் வந்தது. டார்மரின் சிறு கூரையும் பெருங்கூரையும் சேரும் இரு பள்ளங்களில்தான் ஆசாரி மிகுந்த நாட்களைச் செலவிட்டார். மழைநீர் முழுதும் திரண்டு ஓடும் வழி அது. கடற்காற்றின் உப்பு இரும்புத் தகட்டை விரைவில் தின்றுவிடும். அலுமினியமோ ஈரச் சுண்ணாம்பும் சிமெண்டும் பட்டால் அரிக்கும். செம்புத் தகடு இட்டு, ஓட்டுக்கு அடியில் ஒரு முழம் உள்ளே ஏற்றினார். குளிரூட்டிக்காக முகப்பின் அழிகளை அடைக்கச் சொன்ன ஒப்பந்தக்காரரின் யோசனையை, நல்லவேளை, எவரும் பொருட்படுத்தவில்லை. ஓட்டின் வெம்மை வெளியேற அந்த உச்சித் துளைகளைவிட்டால் வேறு வழியில்லை.

ஜூனில் முதல் பெருமழை இரவில் பெய்தது. விடியுமுன் அழைக்காமலே ஆசாரி வந்து, டார்ச் அடித்து இரு பள்ளங்களின் அடியையும் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அறைக்கு இப்போது ஆள் வருகிறார்கள். கடனின் தவணைக்காலத்தை நீட்டித் தருமாறு டீச்சர் வங்கிக்கு எழுதியிருக்கிறார்; பதில் இன்னும் வரவில்லை.