முரசும் மன்னனும்

மனிதனைக் கடவுளாக்கும் வழக்கத்தை வெறுப்பவன் நான். அங்ஙனமிருக்க, எத்தியோப்பிய மன்னர் ஹெய்லி செலாசியைத் தெய்வமென்று போற்றும் ஜமெய்க்கா நாட்டு ரஸ்தபாரியரின் இசைத்தட்டைக் கேட்டு ஓரிரவு முழுதும் உறங்காதிருந்தேன் என்று கூறின், அன்பர்கள் நகைக்கக்கூடும். என்னைக் கண்டு நானே நகைத்தவன்தான்.

கவுண்ட் ஒஸ்ஸி என்னும் முரசறைவோரின் குழுவினர் 1973-ம் ஆண்டில் வெளியிட்ட 'கிரவுனேஷன்' என்பதே அத்தட்டு. அதில் மூவகை முரசுகள் ஒலிக்கின்றன. பெருமுரசு இடியென உறுமும். 'ஃபண்டே' எனும் நடுமுரசு நெஞ்சத் துடிப்பைப்போல் இரண்டிரண்டாய், சற்றும் விரையாது அடித்துக்கொண்டேயிருக்கும். சிறிய 'ரிப்பீட்டர்' அவ்விரண்டின்மேல் ஏறி நின்று பேசும்; வாதாடும்; சிலவேளை அழவும் செய்யும். 'நையாபிங்கி' என்னும் வழிபாட்டில் இம்முரசுகள் இரவெல்லாம் முழங்குவதுண்டு. கேட்கக் கேட்க நம் மூச்சே அந்நடு முரசின் நடைக்கு இணங்கிவிடுகிறது. இதனை மயக்கம் என்று தள்ளிவிட முயன்றேன், இயலவில்லை.

இம்முரசடி அடிமைகளின் சொத்து. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்டோரிடையே வழங்கிய 'பர்ரு' முரசு, 1838-ல் முழு விடுதலை வந்த பின்னும் மறையாது, பிற்காலத்தில் கிங்ஸ்டன் நகரின் ஏழைச் சேரிகளை வந்தடைந்தது. அங்கே அதனை ஒஸ்ஸி கற்றார். 'ஓ கரோலினா' என்னும் பாட்டிற்காக அவர்தம் முரசுகள் ஒலிப்பதிவுக் கூடத்திலும் நுழைந்தன. பின்னாளில் உலகெங்கும் பரவிய ரெகே இசையில் அம்முரசின் சாயலைக் கேட்கலாம்.

கறுப்பு நிறம் இழிவென்று நாள்தோறும் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, 1930-ல் ஒரு கறுப்பு மன்னர் முடிசூடியது என்ன செய்தியாக இருந்திருக்கும்! அதனை ஊரூராய்ப் பரப்பிய லியோனார்ட் ஹவல் சிறையிடப்பட்டார். (அவர் புனைந்துகொண்ட 'கங்குங்குரு மராக்' என்ற பெயர், 1845 முதல் அத்தீவுக்குச் சென்ற இந்தியக் கூலிகளின் மொழியை நினைவூட்டுகிறது.) அவர் அமைத்த பினக்கிள் குடியிருப்பைக் காவலர் 1954-ல் அழித்தனர். 1963-ல் கோரல் கார்டன்ஸ் கலகத்தையடுத்து ரஸ்தபாரியர் பலர் பிடித்து வதைக்கப்பட்டனர். அவர்தம் சடைகள் வலிந்து மழிக்கப்பட்டன. அரசாங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2017-ல்தான்!

1975-ல் அம்மன்னர் இறந்தார். 'தெய்வம் செத்தது; மதமும் ஒழிந்தது' என்று நம்மவர் எவரும் தீர்ப்புரைப்பர். நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். ஆனால் அவ்வாண்டே பாப் மார்லி, தெய்வம் வாழ்கிறதென்று ஒரு பாட்டை இசைத்தார். முரசும் நிற்கவில்லை. மன்னர் பெயரால் எழுந்து நின்ற மனிதன், மன்னர் மறைந்த பின்னும் முதுகு வளையாது நின்றான். வழிபாட்டு முரசைப் பெண்டிர் தொடலாகாதென்று நெடுங்காலம் ஒதுக்கிவைத்த குறையை நான் மறைக்கமாட்டேன். விடுதலை பாடுவோரிடத்தும் அந்தப் பழைய நோய் இருக்கத்தான் செய்தது.

'மன்னனை விட்டுவிட்டு முரசை மட்டும் எடுத்துக்கொள்ளலாகாதா?' என்று நண்பர் ஒருவர் வினவினார். முரசறைவோர் அதற்கு உடன்படார். மன்னனின்றி எழுந்திருக்குமோ அம்முரசொலி? நண்பருக்கு நான் இன்னும் விடை கூறவில்லை. தட்டை மட்டும் அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.