உழாத நிலமும் பழைய விதைப்பொறியும்

1962 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து ஹேர்ண்டன் என்னும் சிற்றூரில், ஹரி யங் என்ற விவசாயி ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தை உழாமலே விதைத்துக் காட்டினார். மண்ணரிப்பைத் தடுத்து ஈரத்தையும் பேணிய அம்முறை பின்னர் பரவலாயிற்று. ஆயினும் புதுப்பொறி வாங்கும் வசதி எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. கொட்டிலில் நிற்கும் பழைய வரிசை விதைப்பொறியைத் திருத்தியே பலர் இம்முறைக்கு மாறினர். 1974 இல் ஜோன் டியர் நிறுவனம் வெளியிட்ட 7000 இலக்கப் பொறி அவ்வாறு திருத்தப்படுவனவற்றுள் ஒன்று.

உழுது பொலபொலத்த மண் பொறுமையுடையது. தேய்ந்த பொறியையும் அது ஏற்றுக்கொள்ளும். கலப்பை இத்தனை காலமும் மறைத்துவந்த குற்றங்களை உழாத நிலமோ முதல் நாளிலேயே வெளிப்படுத்திவிடும்.

முதலிற் பார்க்கவேண்டியவை சாலைத் திறக்கும் இரட்டைத் தட்டுகள். 15 அங்குல விட்டமுள்ள தட்டு அரை அங்குலம் தேய்ந்ததும் மாற்றத்தக்கது. இரு தட்டுகளும் முன்புறத்தே ஏறத்தாழ 2 அங்குல நீளத்துக்கு ஒன்றையொன்று தொட்டிருத்தல் வேண்டும். இதனை அளக்க இரண்டு பெயரட்டைகள் போதும்; முன்னிருந்து ஒன்றும் பின்னிருந்து ஒன்றுமாகச் செருகி, அவை தடைப்படும் இடைவெளியை நோக்கலாம். (புதுப்பொறி விற்க வந்தவர் விட்டுச்சென்ற அட்டைகளே பழையதைத் திருத்தவும் பயன்படுவதுண்டு.) தட்டுகள் விலகியிருப்பின் சாலின் நடுவே மண்மேடு எஞ்சி, விதைகள் வெவ்வேறு ஆழத்தில் விழும். அச்சிலுள்ள மெல்லிய வளையத்தகடுகளை உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு மாற்றினால் தட்டுகள் நெருங்கும்.

அடுத்தது பாரம். இறுகிய மண்ணில் தட்டு இறங்கச் சுருள்வில்லை முறுக்கினாற் போதுமென எண்ணுதல் தவறு. வில் பாரத்தைப் படைப்பதில்லை. சட்டகத்தின் பாரத்தையே வரிசைக்கு மாற்றுகிறது. சட்டகம் இலேசாயின் அதுவே மேலெழும்.

சோளத்தட்டைகளை ஒதுக்கும் பற்சில்லுகள் மண்ணைக் கிளறாது சருகை மட்டும் விலக்குமாறு அமைதல் வேண்டும். சாலை மூடப் பழைய இறப்பர்ச் சில்லுகள் போதாவிடின் முட்சில்லுகள் பூட்டப்படும்.

மெய்யான சோதனை வயலிலேதான். சிறிது தூரம் ஓட்டியதும் விவசாயி இறங்கி, மண்டியிட்டு, கத்திமுனையாற் சாலைக் கிளறி விதையைத் தேடுகிறான். 2 அங்குல ஆழத்தில் ஈரமண் விதையைத் தழுவியிருப்பின் மேலே செல்வான். நனைந்த சருகு அறுபடாது மடிந்து விதையுடன் கிடப்பின், வெயிலேறும்வரை பொறியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். உழுது விதைக்கும் அயலவனின் பொறி அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.