உஜிஜி மாமரத்தடியில்... தொலைந்துபோன டாக்டரைத் தேடி ஒரு பயணம்!

டான்சானியாவின் மேற்குக் கோடியில், தாங்கனிக்கா ஏரிக்கரையில் இருக்கிறது உஜிஜி. தார் எஸ் சலாமில் ரயில் ஏறினால் நாட்டையே குறுக்காகக் கடந்து கிகோமாவில் இறங்கலாம். அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். கரையில் 'டகா' என்கிற பொடிமீனை வெயிலில் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். நம்மூர் நெத்திலிக் கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வாசம்தான்.

ஊருக்குள் மாமரங்கள் நிற்கும் ஒரு வளாகம். அங்கே ஒரு நினைவுச் சின்னமும், சின்ன அருங்காட்சியகமும் உள்ளன. உள்ளே இரண்டு ஆளுயர பொம்மைகள் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒருவர் டேவிட் லிவிங்ஸ்டன். இன்னொருவர் அவரைத் தேடி வந்த பத்திரிகையாளர் ஹென்றி ஸ்டான்லி.

ஸ்காட்லாந்துக்காரரான லிவிங்ஸ்டன் மருத்துவர், மதபோதகர். நைல் நதியின் மூலத்தைக் கண்டுபிடிக்க 1866-ல் ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குள் நுழைந்தார். பாதியில் ஓடிவந்த கூலியாட்கள் சிலர், 'அவரைக் கொன்றுவிட்டார்கள்' என்று கதை கட்டிவிட்டார்கள். அது பொய் என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. ஆனால், பிறகு அவரிடமிருந்து கடிதங்கள் வருவது அரிதாகி, ஆள் எங்கே என்றே தெரியாமல் போனது.

'நியூயார்க் ஹெரால்ட்' பத்திரிகை, ஸ்டான்லியை அனுப்பியது. பாசத்தால் அல்ல, பரபரப்புச் செய்திக்காகத்தான்! அவர் நம்ம பம்பாய் வழியாகத்தான் கப்பலில் சான்சிபார் போய்ச் சேர்ந்தார். 1871 மார்ச்சில் எதிர்க்கரையிலிருந்த பாகமோயோவிலிருந்து நடை தொடங்கியது. வழியில் காசு செல்லாது என்பதால் துணி, கண்ணாடி மணி, பித்தளைக் கம்பி என்று மூட்டை மூட்டையாகச் சுமந்துபோனார்கள். சுமந்தது ஸ்டான்லி இல்லை, ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். அவர்களைச் சவுக்கால் அடித்ததை அவரே எழுதியிருக்கிறார்.

காவல் படைக்குத் தலைவர், சிதி முபாரக் பாம்பே. பெயரிலேயே ஊர் இருக்கிறதே! சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு இந்தியாவில் வளர்ந்து, விடுதலை கிடைத்ததும் ஆப்பிரிக்கா திரும்பியவர். இந்துஸ்தானி பேசுவார். மலேரியா, வயிற்றுப்போக்கு, உள்ளூர்ப் போர் என ஏறத்தாழ எட்டு மாதம் போனது. ஸ்டான்லியுடன் கிளம்பிய இரண்டு வெள்ளைக்காரர்களும் இறந்துபோனார்கள்.

உஜிஜியில் லிவிங்ஸ்டனின் நிலைமையோ பரிதாபம். அவருக்காக அனுப்பப்பட்ட சரக்கை, 'இவர் செத்திருப்பார்' என்று சொல்லி பொறுப்பாளர் விற்றுத் தீர்த்துவிட்டார். கையில் எதுவுமில்லை, உடம்பு எலும்பும் தோலும். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நியாங்வே சந்தையில் அடிமை வணிகர்கள் மக்களைச் சுட்டுக் கொன்றதைக் கண்ணால் பார்த்து, மனம் உடைந்து திரும்பியிருந்தார்.

அவரது உதவியாளர் சூசி ஓடிவந்து, வெள்ளைக்காரர் ஒருவர் வருவதாகச் சொன்னார். ஸ்டான்லியின் கணக்குப்படி அன்று நவம்பர் 10. லிவிங்ஸ்டனுக்குத் தேதியே குழம்பிப் போயிருந்தது!

மருந்தும் சாப்பாடும் சேர்ந்து டாக்டரைத் தேற்றின. இருவரும் ஏரியின் வடகோடி வரை படகில் போய், ருசிசி ஆறு ஏரிக்குள்தான் பாய்கிறது என்று பார்த்துவந்தார்கள். அப்படியானால் அது நைலின் தொடக்கமாக இருக்க முடியாது. ஆனாலும், "ஊருக்கு வாருங்கள்" என்ற ஸ்டான்லியின் கெஞ்சல் பலிக்கவில்லை. கிடைத்தவருக்குத் திரும்பிவர மனமில்லை. 1872 மார்ச்சில் தபோரா அருகே இருவரும் பிரிந்தார்கள்.

அடுத்த ஆண்டு மே மாதம், இன்றைய சாம்பியாவில் ஒரு கிராமத்துக் குடிசையில் லிவிங்ஸ்டன் இறந்தார். உண்மையில் அவரை ஊர் சேர்த்தவர்கள் அவரோடு இருந்த ஆப்பிரிக்கர்கள்தான். சூசி, சூமா, நாசிக் பள்ளியில் படித்த ஜேக்கப் வெய்ன்ரைட் முதலானோர். இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, துணியிலும் மரப்பட்டையிலும் சுற்றி, 1,600 கிலோமீட்டருக்கும் மேல் பாகமோயோ வரை தூக்கிவந்தார்கள். எப்போதோ சிங்கம் கடித்து முறிந்த கை எலும்பை வைத்து லண்டனில் அடையாளம் உறுதியானது.

1874 ஏப்ரல் 18-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் நடந்தது. வெய்ன்ரைட் சவப்பெட்டியுடன் நடந்தார். சூசியும் சூமாவும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.