கட்டிலோரமா, கல்லூரியா?

ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு விடிகாலை பஸ் ஏறும் அந்த நர்ஸுக்கு ஐ.சி.யு.வில் 14 வருஷ அனுபவம். வேலைக்கு நடுவே எம்.எஸ்சி. நர்ஸிங்கும் முடித்துவிட்டார். அடுத்து டாக்டர் பட்டம் என்று நினைத்தபோதுதான் குழப்பம்.

"பேசாம டி.என்.பி. பண்ணுடி" என்றாள், அமெரிக்காவில் வேலை பார்க்கும் தோழி. நோயாளியின் பக்கத்திலேயே இருந்துகொண்டு டாக்டர் பட்டம் வாங்குகிற படிப்பு அது. பிஎச்.டி. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லும், டி.என்.பி., கண்டுபிடித்ததை வார்டில் நடத்திக் காட்டச் சொல்லும். 2004-ல் அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகளின் சங்கம் ஆதரித்துத் தீர்மானம் போட்டபிறகு அங்கே வேகமாகப் பரவியது.

இந்திய நர்ஸிங் கவுன்சிலின் படிப்புகளில் டி.என்.பி. இல்லை. வார்டு அனுபவத்தை வளர்க்க, தீவிர சிகிச்சைக்கான 2 வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறது. ஆனால் அது முதுகலையோடு சரி. டாக்டர் பட்டம் வேண்டுமென்றால் பிஎச்.டி.தான். அதை முடித்தவர்கள் பெரும்பாலும் பாடம் நடத்தப் போய்விடுகிறார்கள். கை பழகியவரைக் கட்டிலிலிருந்து பிரிக்கிற பட்டம் என்ன பட்டமோ! அவர் விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நாமக்கல் லாரிகளில் 30 வருஷம் ஓடிய கனத்த உடம்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். ஐ.சி.யு.வில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் புரட்டி எத்தனையோ பேருக்கு அது வராமல் காத்தவர், சொந்த அப்பாவுக்குக் காக்க முடியவில்லை. அவர் டியூட்டிக்குப் போனால், 60 வயது அம்மா ஒற்றை ஆளாக எப்படிப் புரட்டுவார்?

அம்மாவே ஒரு வழி செய்தார். பழைய நூல் சேலையை நாலாக மடித்து அப்பாவுக்கு அடியில் விரித்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஆள் மெதுவாக ஒருக்களித்தார். ஐ.சி.யு.வில் இரண்டு பேர் சேர்ந்து விரிப்பைப் பிடித்துச் செய்கிற வேலை!

அன்று ராத்திரி விண்ணப்பத்தை மறுபடி எடுத்தார். பிஎச்.டி. விண்ணப்பம். தலைப்பு: வீட்டில் படுத்திருக்கும் பக்கவாத நோயாளியைத் தனி ஆளாகப் புரட்டுவது.

"ஏங்கண்ணு, சேலையில புரட்டறதுக்கா மூணு வருஷம் படிக்கணும்?" என்றார் அம்மா.

"உன்னால முடிஞ்சுதும்மா. எல்லா வீட்லயும் முடியுதான்னு பாக்கணும்ல?"