வலிக்காத கட்டி

என் மனைவிக்குக் கழுத்தின் நடுவில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. நாக்கை நீட்டினால் அதுவும் மேலே ஏறும். "வலிக்கலையே, விடுங்க" என்பாள். நானும் பத்து வருஷம் விட்டுவிட்டேன்.

போன வருஷம் அது பெருத்துக் கெட்டியானது. எடுத்துப் பரிசோதித்தால், தைராய்டு புற்றுநோய்!

"ஸ்கேனில் தைராய்டு நன்றாகத்தானே இருந்தது?" என்றேன்.

டாக்டர் விளக்கினார். தாயின் வயிற்றில் தைராய்டு நாக்கின் அடியில் உருவாகி, கழுத்துக்கு இறங்குமாம். வந்த வழி மூடாமல் போனால் அங்கே நீர்க்கட்டி வரும். அதில் தங்கிவிட்ட தைராய்டு திசுவில், சுமார் 100-ல் ஒருவருக்குப் புற்று வரலாம். பெரும்பாலும் குணமாகும் வகைதான். கட்டியோடு நாக்கடி எலும்பின் நடுப்பகுதியையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது நன்றாக இருக்கிறாள். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் அந்தப் பத்து வருஷம் உறுத்துகிறது.