பிழை நடந்து வந்த வழி

குந்தா மின்நிலையக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களின் நீர் குந்தாவின் முதல் மின்நிலையத்தில் இறங்கி, கெத்தை, பரளி எனப் படிப்படியாகக் கீழே செல்லும். கீழே நீர் குறைந்தால் மேலே ஏறிப் பார்க்கவேண்டும் என்பார் அங்குப் பணியாற்றிய என் தந்தையார்.

மென்பொருள்களைச் சோதிக்கும் பணிக்கு வந்தபின் அச்சொல்லை மறந்தேன். ஒருநாள் பெர்ல் மொழியில் அமைந்த எங்கள் சோதனை நிரல் பாதியில் நின்றது. 'மதிப்பு இல்லை, 40ஆம் வரி' என்பதே அது தந்த செய்தி. அவ்வரி, எல்லாச் சோதனைகளும் அழைக்கும் பொதுத் துணைநிரலில் இருந்தது. அதனை எழுதிய இளம் நண்பரை அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. துணைநிரலில் 'டை' என்றிருந்த கட்டளையை நீக்கிவிட்டு, 'கார்ப்' தொகுதியிலுள்ள 'கன்ஃபெஸ்' கட்டளையை இட்டார். முன்னது நிரல் நின்ற வரியை மட்டுமே சொல்லும். பின்னதோ, அவ்வரியை அழைத்தது எது, அதனை அழைத்தது எது எனக் கோப்பின் பெயர், வரியெண், கொடுத்த மதிப்புகள் அனைத்தையும் அடுக்கிக் காட்டும்.

மீண்டும் ஓட்டினோம். ஐந்து வரிகள் வந்தன. கடைசி வரியில் என் கோப்பு! வாடிக்கையாளர் எண்ணை நிரப்பாமலே நான் அனுப்பியிருந்தேன். 'கன்ஃபெஸ்' என்பதற்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்பது பொருள். அனைவர் முன்னிலையிலும் அதையும் செய்தேன்.

இப்போது நிரல்களைத் திருத்துவதுமில்லை. ஓட்டும்போதே 'கார்ப் ஆல்வேஸ்' தொகுதியைச் சேர்த்துவிடுகிறோம். கடவுச்சொற்களும் அச்சாகக்கூடும் என்பதால் அப்பதிவுகளை வெளியாருக்கு மட்டும் அனுப்புவதில்லை.